கால் படாத ஊருணி

மூன்று வருஷங்களுக்கு முன்னால், வைகாசி முகூர்த்த நாட்களில் ஒரு காலைப் பொழுது. கண்டனூரைத் தாண்டிப் போகிற சாலையில் உள்ள ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்கள். இப்போதே அப்படித்தான் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி. கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். சவுதியில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, ஒரு ஜெனரேட்டரும் அதை ஏற்றிப் போக ஒரு சின்ன லாரியும் வாங்கிப் போட்டேன். ஆள் ஒல்லி. நீச்சல் தெரியாது. பிறவியிலேயே பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வருகிற ரகம். "பயப்பட ஒண்ணுமே இல்லாட்டி, ஏன் ஒண்ணுமே இல்லைன்னு பயப்படுவீக" என்று என் வீட்டுக்காரி கேலி செய்வாள். தொழுகை முடிந்து கையேந்தும்போது மற்றவர்கள் வீட்டில் பரக்கத்தை, குறையாத செழிப்பைக் கேட்பார்கள், பிள்ளைகளுக்கு நல்ல வாழ்வைக் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, "யா அல்லா, இந்தப் பயத்தை என்னிடமிருந்து எடுத்துவிடு" என்பதுதான்.

அன்றைக்கு வேலை ஒரு பெரிய செட்டியார் வீட்டில். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்து, கல்யாணம் காட்சிக்கு மட்டும் திறக்கிற வீடு. மறுநாள் முகூர்த்தம். மணப்பெண்ணின் அம்மாவை ஊரே ஆச்சி என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். ஜெனரேட்டரை வாசலில் நிறுத்தி ஓட்டிக் காட்டினேன். ஆச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"பாய், இந்தச் சத்தத்துல நாயனமே கேக்காது போலருக்கே. கொஞ்சம் அங்குட்டுக் கொண்டு போய் வச்சுக்கிறீகளா?"

அங்குட்டு என்றால் தெருக்கோடியில் இருக்கிற ஊருணிக் கரை. அங்கேதான் நிழல் இருந்தது, லாரி நிறுத்த இடமும் இருந்தது. ஆனால் அந்த ஊருணியைப் பற்றி நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஊரில் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, டீ போட்டால் பால் திரிந்துவிடும். சோற்றுக்கும் குடிக்கவும் இன்றைக்கும் ஊருணிதான். அதில் யாரும் காலை வைக்கக் கூடாது. குளிப்பதும் துவைப்பதும் கிடக்கட்டும், கால் விரலை நனைப்பதுகூடக் கிடையாது. கரைக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு, படியில் இறங்கி, தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக் கல்லில் குத்தவைத்துக் குடத்தை அமிழ்த்துவார்கள். கரையில் சின்னக் காளி கோயில். ஊருணிதான் காளியின் மடி, மடியில் யாராவது மிதிப்பார்களா என்பது அவர்கள் கணக்கு.

காவலுக்குச் சம்பள ஆள் கிடையாது. வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். முறை இருக்கிற வாரத்தில் மாடு இறங்கினாலும், வெளியூர்க்காரர் கால் நனைத்தாலும், காளிக்குப் பொங்கல் வைக்கிற அன்று ஊர் முன்னால் அந்த வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த வாரம் முறை, இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிற ஒரு பெண்ணுக்கு. என் வயதுதான் இருக்கும், நல்ல வாய். லாரியைப் பார்த்ததுமே கரைக்கு வந்துவிட்டார்.

"வைங்க பாய், ஆச்சி வீட்டுக் கல்யாணம், வேணாங்கல. ஆனா ஒரு சொட்டு எண்ணெ கீழ விழக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

நான் சொட்டுக்கு மேலேயே பயந்தேன். டீசல் பேரலைக் கட்டை மேல் படுக்கவைத்து இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுத்தேன். குழாய்க்குக் கீழே தட்டு வைத்து, தட்டைச் சுற்றி மணல் கொட்டினேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே நின்றபோதுதான், விருந்தாளிகளை இறக்கிவிட்டு வந்த ஒரு வாடகைக் கார், திரும்புவதற்கு இடம் தேடிக் கரையில் ரிவர்ஸ் எடுத்தது.

நான் கத்தினேன். கண்ணாடி ஏற்றியிருந்ததால் டிரைவருக்குக் கேட்கவில்லை. காரின் பின்பக்கம் கட்டையில் இடித்தது. முட்டுக் கல் நகர்ந்தது. பேரல் ஒரு கணம் யோசித்தது போல நின்றுவிட்டு, கரையில் உருண்டு, கல் படிகளில் டமார் டமார் என்று விழுந்து இறங்கிப் போயிற்று. கடைசிப் படியில் குழாய் முறிந்து, வாய் தண்ணீருக்குள் போய்ச் சரிந்து நின்றது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். கடைசிப் படிக்கு வந்து, இறங்கித் தூக்கிவிடலாம் என்று ஒரு காலைத் தூக்கிவிட்டேன்.

"காலை வைக்காதீக!"

முறைக்காரப் பெண் கத்திய கத்தில் என் கால் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. கண்ணெதிரே டீசல் குபுகுபு என்று வந்துகொண்டிருக்கிறது. காலை வைத்தால் ஒரு எட்டில் தூக்கிவிடலாம். வைக்கக் கூடாது. நான் திரும்பி, அழாத குறையாக, "பிறகு எப்படித் தூக்கறது?" என்று கேட்டேன்.

"கையி நனையலாம். காலுதான் ஆகாது. குப்புறப் படுங்க!"

படுத்தேன். கார் டிரைவர் ஓடி வந்து என் முழங்காலின் மேல் உட்கார்ந்துகொண்டார். பாதி உடம்பு தண்ணீருக்கு மேல் தொங்க, பேரலின் விளிம்பைப் பிடித்து இழுத்து ஒருவழியாக நிமிர்த்தினேன். ஊற்றுவது நின்றது. ஆனால் போனது போனதுதான். தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் விரிந்து, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தேன். பேரல் விழுந்தது மேற்குக் கரை. தண்ணீர் மொள்ளுகிற பலகைக் கல் கிழக்குக் கரை. வைகாசியில் உச்சி நேரம் நெருங்க நெருங்க மேல்காற்று எழும்பும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காற்று எழுந்தால் படலம் முழு ஊருணியையும் மூடி, பலகைக் கல்லில் போய் அப்பிக்கொள்ளும். அப்புறம் தண்ணீரை இறைத்து வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை. அது ஐப்பசி மழையில் நிரம்பிய தண்ணீர். அடுத்த மழைக்குக் கோடை முழுக்கத் தாண்ட வேண்டும். அதுவரை அந்த ஊர் எதைக் குடிக்கும்?

ஊர் கூடிவிட்டது. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டீசலைவிடக் கூட்டத்துக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். தாடியும் தொப்பியுமாக நிற்கிறேன். காளியின் மடியில் என் எண்ணெய் மிதக்கிறது. தலைக்கு மேலே ங்ங்ங் என்று சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், கல்யாண வீடியோ எடுக்க வந்தவரின் டிரோன். வீட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது அப்படியே ஊருணிப் பக்கம் திரும்பியிருக்கிறது. போச்சு என்று நினைத்தேன். இந்தப் படம் இன்று சாயந்திரத்துக்குள் எந்தெந்தப் போனுக்கெல்லாம் போகுமோ, யார் யார் என்னென்ன எழுதிச் சேர்ப்பார்களோ என்று யோசனை ஓடியது. என் வீட்டுக்காரி, பிள்ளைகள், கடைத்தெருவில் எங்கள் சனங்களின் கடைகள் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து போயின.

கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. "இங்கன பேரலக் கொண்டாந்து வச்சது யாரு?"

எல்லோருடைய கண்ணும் என் மேல் இருந்தது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கார் இடித்தது என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

முறைக்காரப் பெண்தான் திரும்பிப் பார்த்தார். "யாரு வச்சதுன்னு பொறகு பேசுவோம். என் மொறையில விழுந்திருக்கு, அதனால முதல் கேள்வி எனக்குத்தான். இப்ப எண்ணெ நகருது, அதப் பாருங்க."

அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் கூட்டத்தின் கண்கள் என்னை விட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டன. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

அதற்குள் இன்னொரு ஆபத்து. சமையல்காரர் ஒருவர், பாத்திரம் துலக்கும் பவுடரை ஒரு வாளி நிறையக் கரைத்துக்கொண்டு வேகமாகப் படியில் இறங்கி வந்தார். எண்ணெய்ப் பாத்திரத்துக்கு அவர் கண்ட வைத்தியம் அதுதானே. நான் பாய்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டேன். ஒட்டிக்கொண்டிருந்த நாக்கு அப்போதுதான் விட்டது. சோப்பு பட்டால் எண்ணெய் மறையாது, தண்ணீரோடு கலந்துவிடும். இப்போது மேலே மிதக்கிறது, அதனால் எடுத்துவிடலாம். கலந்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இதைக் கத்திச் சொன்னேன். "மேலயே இருக்கற வரைக்கும்தான் நமக்கு வழி" என்று சொன்னதும் அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

எப்படி எடுப்பது? என்னிடம் இருந்தது எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை. அதைக் கயிற்றில் கட்டிப் போட்டு இழுத்துப் பார்த்தேன். உறிஞ்சியது, ஆனால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. முறைக்காரப் பெண் அந்தத் துணியை எடுத்து முகர்ந்து பார்த்தார், படலத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் தன் வீட்டுப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது அவர் தலையில் வைக்கோல் கட்டு. பின்னாலேயே இன்னும் நாலு பேர் தலையில் கட்டுகள். கோடைக்கு மாட்டுக்கென்று போட்டு வைத்திருந்த வைக்கோல் படப்பைப் பிரித்துவிட்டார்.

கரையெல்லாம் உட்கார்ந்து வைக்கோல் பிரி திரிக்க ஆரம்பித்தார்கள். பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்த கல்யாண வீட்டுப் பெண்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். பந்தல்காரர் கயிறு கொடுத்தார். கயிற்றைச் சுற்றிப் பிரியைக் கட்டியதும், ஊருணியின் அகலத்துக்கு ஒரு தடித்த வைக்கோல் வடம் தயாராகிவிட்டது. வடக்குக் கரையில் ஒரு கூட்டம், தெற்குக் கரையில் ஒரு கூட்டம். தேர் வடம் பிடிக்கிற மாதிரி இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, கிழக்கிலிருந்து மேற்கே நடந்தார்கள். ஒருவர் காலும் தண்ணீரில் படவில்லை. வடம் மிதந்துகொண்டே போயிற்று. வீடியோக்காரர் என்னைக் கூப்பிட்டு டிரோன் படத்தைக் காட்டினார். மேலேயிருந்து பார்த்தால் படலத்தின் விளிம்பு துல்லியமாகத் தெரிந்தது. எந்தக் கரை வேகமாக நடக்க வேண்டும், எது நிற்க வேண்டும் என்று அவர் படத்தைப் பார்த்துச் சொல்ல, நான் கத்தினேன். எந்த டிரோனைப் பார்த்துக் குலைநடுங்கினேனோ, அதன் கண் மூடிவிடக் கூடாதே என்று அல்லாவிடம் துஆ செய்துகொண்டிருந்தேன்.

ஊருணியின் நடுவில் ஒரு கல் தூண். அதன் உச்சியில் கல்லிலேயே செதுக்கிய காளியின் சூலம். வடம் அதன் அருகே வந்ததும், இரண்டு கரையிலும் தூக்கிப் பிடித்துத் தூணுக்கு மேலே தாண்டவிடலாம் என்று தூக்கினார்கள். தாண்டவில்லை. சூலத்தின் முனைகளுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டது.

இழுத்தால் வைக்கோல் பிய்ந்து வந்தது. இன்னும் பலமாக இழுத்தால் சூலம் முறிந்தாலும் முறியும். விட்டுவிடவும் முடியவில்லை. மாட்டிய இடத்தில் வடம் தண்ணீரைவிட்டு மேலே தொங்கியது. அந்தச் சந்து வழியாகப் படலம் கிழக்கே நழுவ ஆரம்பித்தது. சரியாக அந்த நேரத்தில் என் சட்டை படபடத்தது. மேல்காற்று வந்துவிட்டது.

"சாமியே புடிச்சுக்கிருச்சு" என்றார் ஒருவர். பூக் கட்டிப் போட்டுச் சாமியிடம் கேட்டுவிட்டு, ஒரு ஆளை மட்டும் இறக்கலாமா என்று இன்னொருவர் யோசனை சொன்னார்.

"கேட்டா மட்டும் சாமி என்ன சொல்லும்?" என்றார் முறைக்காரப் பெண். "காலை வைக்காதேன்னு சொன்னதே அதுதான. நமக்கு ஆகலைன்னா திரும்பத் திரும்பப் போயிக் கேக்க அது என்ன ஆபீசா? ஒரு தடவ இறங்கிட்டா, அடுத்த தடவைக்கு இன்னொரு காரணம் வரும்."

நான் டிரோன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தில் நழுவிய படலம் ஒரு நாக்கு மாதிரி பலகைக் கல்லை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்போது ஆச்சி பேசினார். அதுவரை கரையில் உட்கார்ந்து பிரி திரித்துக்கொண்டிருந்தவர். "காலை வைக்காமப் போகணும், அம்புட்டுத்தான? எங்க வீட்டுப் பெரிய அண்டா இருக்கே. அதுல உக்காந்து போனா என்ன?"

கல்யாணத்துக்காக உள்ளறையிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்த பித்தளை அண்டா அது. ஆள் உள்ளே உட்கார்ந்தால் தலை மட்டும்தான் வெளியே தெரியும். தண்ணீர் ஊற்றி வைக்கிறதற்கு மட்டுமே புழங்குவது, அடுப்பேறாதது. முறைக்காரப் பெண் அதன் அடியைக் கையால் தடவிப் பார்த்தார், கரி இல்லை. மறுபடியும் புளி போட்டுத் துலக்கச் சொன்னார். காதுகளில் கயிறு கட்டி, ஒன்றை மேற்குக் கரையிலும் மற்றொன்றைக் கிழக்குக் கரையிலும் பிடிப்பதாக ஏற்பாடு. துடுப்பே தேவையில்லை, பரிசல் மாதிரி இழுத்துக்கொள்ளலாம். யார் ஏறுவது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் ஒருவர் தொப்பையை ஒருவர் பார்த்தார்கள். கனத்த ஆள் ஏறினால் அண்டா சாய்ந்துவிடும்.

அங்கே இருந்த ஆம்பிளைகளில் ஒல்லி நான்தான். பேரலும் என்னுடையது. எப்படி வாய் வந்ததோ தெரியாது, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நீச்சல் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

அண்டாவின் விளிம்பில் முறைக்காரப் பெண் காளி கோயில் திருநீற்றை ஒரு கோடு இழுத்தார். நான் பிஸ்மி சொல்லி ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தள்ளிவிட்டார்கள். தரையை விட்டதும் அண்டா ஒரு சுற்றுச் சுற்றியது. எனக்குக் கரை, கோயில், ஆச்சி வீடு எல்லாம் சுற்றின. மூச்சு விட்டாலே சாயும் போல இருந்தது. வேடிக்கை என்னவென்றால், முங்கிச் செத்துவிடுவோம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. விழுந்தால் கால் பட்டுவிடுமே, கால் என்ன, முழு ஆளும் பட்டுவிடுமே, இத்தனை தலைமுறையாகக் காத்த தண்ணீரில் முதலில் இறங்கியவன் என்று என்னைச் சொல்வார்களே என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது.

தூண் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. கையை நீட்டியவன் சட்டென்று இழுத்துக்கொண்டேன். அது சூலம். நான் தொடலாமா? இந்தப் பக்கத்தார் என்ன சொல்வார்கள்? எங்கள் பக்கத்தில் கேள்விப்பட்டால் என்ன கேட்பார்கள்? அண்டாவில் உட்கார்ந்துகொண்டு இந்த ஆராய்ச்சி. கரையைப் பார்த்து, "தொடலாமா?" என்று கத்தினேன்.

"கையிதான பாய்! தொடுங்க!" என்று முறைக்காரப் பெண்ணின் குரல் வந்தது.

எங்கள் பக்கத்துக் கேள்விக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். கயிற்றை எடுக்கத்தான் வந்தேன், அல்லாவுக்குத் தெரியும். ஒரு கையால் சூலத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வடத்தை நெம்பினேன். அண்டா சாய்ந்தது. கரையில் பெண்கள் அலறினார்கள். இன்னொரு தடவை நெம்பினேன். வடம் சூலத்தை விட்டு வழுக்கித் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. சந்து மூடியது. அதன் பிறகு என்னை எப்படிக் கரைக்கு இழுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயந்திரம் வரை வைக்கோலை மாற்றி மாற்றி இழுத்தார்கள். நழுவிப் போன நாக்கைப் பலகைக் கல்லுக்கு முன்னால் தனியாக ஒரு வடம் போட்டு மடக்கினார்கள். வீடியோக்காரரும் டிரோனை இறக்கி வைத்துவிட்டு வடம் பிடிக்க வந்துவிட்டார். அன்றைய படம் எதுவும் எந்தப் போனிலும் வரவே இல்லை.

நடுவில் லுஹர், மதியத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. தொழுமுன் கை கால் கழுவி ஒளுச் செய்யத் தண்ணீர் கேட்கக் கூச்சமாக இருந்தது. எந்த முகத்தோடு அந்த ஊரில் தண்ணீர் கேட்பது? முறைக்காரப் பெண்ணே தன் வீட்டுப் போர் தண்ணீரைச் செம்பில் கொண்டு வந்து வைத்தார். முகம், கை, கால் எல்லாம் கழுவி முடித்தும் செம்பில் மிச்சம் இருந்தது.

"இம்புட்டுத் தண்ணியில முடிச்சுப்புட்டீகளே!" என்று ஆச்சரியப்பட்டார்.

ஓடுகிற ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒளுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது மதரஸாவில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்றேன்.

"உங்க சாமியும் தண்ணி விசயத்துல கறார்தான் போலருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். எத்தனையோ வருஷமாகச் செய்கிற ஒளுதான். அதில் இருக்கிற பொறுப்பை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

கல்யாணச் சமையலுக்குப் பக்கத்து ஊர் ஊருணியில் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எண்ணெய் குடித்த வைக்கோலையெல்லாம் என் லாரியிலேயே ஏற்றிச் செங்கல் சூளைக்குக் கொண்டு போனேன். அடுத்த பல நாட்கள் ஊர்க்காரர்கள் காலையும் மாலையும் புது வைக்கோல் விட்டு இழுத்தார்கள். நானும் போனேன், அந்தப் பெண்ணின் மாட்டுக்கு ஒரு லோடு வைக்கோலோடு. ஒரு நாள் தண்ணீரில் மினுமினுப்பே இல்லை. அப்போதும் அவசரப்படவில்லை. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, குற்றமில்லை என்று தெரிந்த பிறகுதான் மொள்ள ஆரம்பித்தார்கள். முதல் குடம் தண்ணீரை முறைக்காரப் பெண் காளிக்கு ஊற்றிவிட்டு, அடுத்ததில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லாயிருக்கு என்று தலையை ஆட்டினார்.

காளிக்குப் பொங்கல் வைக்கிற அன்று என்னை வரச் சொல்லி ஆள் வந்தது. தண்டம் போடுவார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லாமல் போனேன். ஊர் முன்னால் முறைக்காரப் பெண் நடந்ததையெல்லாம் சொன்னார். பிறகு என்னைக் கை காட்டினார்.

"இவுக பேரலு ஊருணியில விழுந்துச்சு. இவுகளும் ஊருணி மேல போயிட்டு வந்துட்டாக. இனிமே இவுகளையும் வெளியாளுன்னு சொல்ல முடியாது. வருசத்துக்கு ஒரு வாரம் இவுகளுக்கும் ஒரு மொறை குடுத்துருங்க."

தண்டமா மரியாதையா என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. ஊர் சரி என்றது, நான் தலையாட்டிவிட்டேன். அதிலிருந்து கோடையில் ஒரு வாரம், தொழிலை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு அந்தக் கரையில் போய் இருக்கிறேன். போன வருஷம் என் முறையில் ஒரு கல்யாண விருந்தாளி, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தபடி கடைசிப் படியில் நின்று காலைத் தூக்கினார். "காலை வைக்காதீக!" என்று நான் கத்திய கத்தில் கோயில் மணியடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். அவருக்குக் கோபம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

என் வீட்டுக்காரி சொல்வது சரிதான், நான் இன்னும் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன்தான். ஆனால் இப்போது தொழுகை முடிந்து கையேந்தும்போது கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன்: யா அல்லா, மற்ற எல்லாப் பயத்தையும் எடுத்துக்கொள், அந்தத் தண்ணீரைப் பற்றிய பயத்தை மட்டும் கடைசி வரை என்னிடமே விட்டுவை.